பனியன் துணியில் தொளதொள மேல்சட்டை: முதல் முறை தைக்கிறவர்களுக்கு

பனியன் துணி என்றதும் தையல் நன்றாகத் தெரிந்தவர்களே தயங்குவார்கள். காலர் வைத்த சட்டை தைக்கச் சொல்லுங்கள் தைக்கிறேன், இது மட்டும் வேண்டாம், வழுக்குகிறது, ஓரம் சுருளுகிறது, தைத்து முடித்தால் கீழ்மடிப்பு அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கிறது என்பார்கள். சொல்வது எல்லாம் உண்மைதான். ஆனால் உடம்பை ஒட்டாமல், தோள் இறங்கி, கை நீளமாக, குளிருக்கு இதமாகப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு மேல்சட்டை தைக்க இதைவிடத் தோதான துணி கிடையாது. உடம்புக்கு ஏற்பத் துணியை மடித்துப் பிடிக்கிற டார்ட் இல்லை, ஜிப் இல்லை, பட்டன் இல்லை, காஜா எடுக்கும் வேலையும் இல்லை. வெட்டிய ஓரம் பிசிறு பிரியாது. தொளதொளவென்று இருப்பதால் தையல் அரை சென்டிமீட்டர் அப்படி இப்படிப் போனாலும் போட்டுக்கொண்டபின் யாருக்கும் தெரியாது.

தப்பு செய்தால் அப்படியே காட்டிக்கொடுக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று கழுத்து, இன்னொன்று தோள். அதனால் மற்றதையெல்லாம் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு அந்த இரண்டில் நின்று பேசப்போகிறேன்.

இந்தத் துணி ஏன் இப்படி இருக்கிறது

நெசவுத் துணியில் பாவு, ஊடை என்று இரண்டு வரிசை நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பனியன் துணி பின்னல் துணி, அதில் அப்படி இல்லை. நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து கொண்டே போகிறது. நீங்கள் இழுக்கும்போது பெரும்பாலும் நூல் நீள்வதில்லை, கண்ணிதான் அகலமாகிறது. விட்டதும் பழையபடி வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்குக் காரணம் கேட்கவே தோன்றாது. கூரான ஊசி கண்ணி நூலையே குத்தி அறுத்துவிடும், அறுந்த இடத்தில் ஓட்டை விழுந்து அங்கிருந்து ஏணி மாதிரி பிரியும். நேர்த் தையல் நீளாது, துணி நீளும், அதனால் தலை வழியாகப் போடும்போது பட்டென்று நூல் அறும். மெஷினின் பிரஷர் ஃபுட் மேலிருந்து அழுத்திக்கொண்டே போவதால் கண்ணிகள் விரிந்த நிலையிலேயே தைக்கப்பட்டு, ஓரம் அலையடிக்கும்.

எந்தத் துணி வாங்குவது

முதல் சட்டைக்கு இன்டர்லாக் வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, கொஞ்சம் கனம் இருக்கும். சாதாரண டிஷர்ட் தைக்கிற சிங்கிள் ஜெர்சி மெல்லியது, வெட்டியவுடன் ஓரம் சுருண்டு குழல் போல ஆகிவிடும், புதியவர்களைப் படுத்தி எடுக்கும். உள்பக்கம் சின்னச் சின்ன வளையமாகத் தெரியும் லூப் நிட், அதாவது பிரெஞ்சு டெர்ரி, இந்தச் சட்டைக்கென்றே செய்தது போல இருக்கும். அதையும் தாராளமாக எடுக்கலாம். உள்பக்கம் பஞ்சு போலத் தூக்கிவிட்ட ஃபிளீஸ் இன்னும் கதகதப்பு. ஆனால் கழுத்தில் மூன்று அடுக்கு சேரும் இடத்தில் சாதாரண வீட்டு மெஷின் திணறும், அதனால் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வேறு மெல்லிய ரிப் துணி, அதாவது வரி வரியாக மேடு பள்ளமாகப் பின்னிய, நன்றாக நீளும் துணி வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கோஸ் கலந்த லைக்ரா துணி தொட்டால் அருமையாக இருக்கும், கடையில் கை அதற்குத்தான் போகும். அதை இரண்டாவது சட்டைக்கு வையுங்கள். அது தன் எடையாலேயே தொங்கி நீளும், மேசையில் வெட்டும்போதே வழுக்கிக்கொண்டு ஓடும்.

கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று அர்த்தம். 140 முதல் 180 வரை என்றால் டிஷர்ட் துணி. இந்தச் சட்டைக்கு 200 முதல் 280 வரை நன்றாக இருக்கும்.

எண்ணைவிட முக்கியமானது நீட்சி. துணியைக் குறுக்குவாட்டில் மடித்து 10 செ.மீ. அளந்து இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கிமுனகாமல், வசதியாக எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மட்டும் இழுங்கள். 13 செ.மீ. வந்தால் நீட்சி 30 சதவீதம். உடம்புப் பகுதிக்கு 20 சதவீதம் இருந்தால்கூடப் போதும், சட்டைதான் தொளதொளவென்று இருக்கப்போகிறதே. கழுத்துப் பட்டிக்கு மட்டும் 30க்குக் குறையக்கூடாது, ரிப்பில் 50 சதவீதம்கூட வரும். இழுத்ததை விட்டபின் திரும்ப 10க்கே வருகிறதா என்றும் பாருங்கள். 11லேயே நின்றுவிட்டால் அந்தத் துணியில் தைத்த சட்டைக்கு நாலு நாளில் முழங்கை புடைத்துக்கொண்டு நிற்கும்.

கீழே நான் சொல்லும் அளவுக்கு 150 செ.மீ. அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் வேண்டும். குழாயாக வரும் துணி என்றால் ஒரு பக்கம் நேராக வெட்டி விரித்துக்கொண்டு அகலத்தை அளந்து பாருங்கள்.

முதலில் துவையுங்கள்

சலித்துக்கொள்ளாமல் இதைச் செய்துவிடுங்கள். பருத்திப் பின்னல் துணி சுருங்கும், அதுவும் நீளவாக்கில் அதிகமாக. 5 சதவீதம் என்றால் கேட்கக் குறைவாக இருக்கும், 65 செ.மீ. நீளச் சட்டையில் அது 3 செ.மீ.க்கு மேல். நான் முதன்முதலில் தைத்தபோது ஆசை பொறுக்காமல் துவைக்காத துணியை வெட்டிவிட்டேன். இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்த சட்டை முதல் துவையலில் இடுப்புக்கு ஏறியது, இரண்டாவது துவையலில் இன்னும் கொஞ்சம் ஏறியது. கையைத் தூக்கினால் வயிறு தெரியும்.

சட்டையைப் பின்னால் எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே துணியையும் துவையுங்கள். மெஷினில் என்றால் மெஷினில், வெந்நீர் என்றால் வெந்நீர். காயப்போடும்போது ஒரே கொடியில் தொங்கவிட வேண்டாம், ஈரத்தின் எடையால் நீண்டுவிடும். பாயில் விரித்துப் போடலாம், இல்லாவிட்டால் இரண்டு மூன்று கொடிகளில் ஊஞ்சல் போலப் பரப்பிப் போடலாம். காய்ந்தபின் ஒரு ராத்திரி மேசையிலோ தரையிலோ இழுக்காமல் விரித்து வையுங்கள். உருளையில் இழுத்துச் சுற்றிய துணி, அந்த இழுப்பு போக அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

மெஷினைத் தயார் செய்வது

ஓவர்லாக் மெஷின், அதாவது ஓரத்தை வெட்டிக்கொண்டே சுற்றித் தைக்கும் மெஷின், வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறையவில்லை. ஊசியை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். பால்பாயின்ட் ஊசி அல்லது ஜெர்சி ஊசி என்று கேட்டு வாங்குங்கள், அதன் முனை லேசாக உருண்டிருக்கும், நூலைக் குத்தாமல் கண்ணிகளை ஒதுக்கிவிட்டு இடையில் புகும். ஊசி உறையில் 75/11, 80/12, 90/14 என்று இருக்கும். முதல் எண் ஊசியின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 90 என்றால் 0.9 மி.மீ. மெல்லிய ஜெர்சிக்கு 75, இன்டர்லாக்குக்கு 80, லூப் நிட், ஃபிளீஸுக்கு 90. லைக்ரா நிறையக் கலந்த துணியில் இந்த ஊசியும் தையல் விட்டு விட்டுப் போட்டால் ஸ்ட்ரெட்ச் ஊசி என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள்.

நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் இந்த வேலைக்கு ஆகாது, கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காமல் அறுந்துவிடும்.

தையல், ஒடுக்கமான ஜிக்ஜாக். அகலம் 0.5 முதல் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. பார்த்தால் நேர்த் தையல் கொஞ்சம் தள்ளாடுவது போல இருக்கும், அவ்வளவுதான் வேண்டும். அகலமான ஜிக்ஜாக் போட்டால் தையலை விரிக்கும்போது இடையில் பல் தெரியும். உங்கள் மெஷினில் நேர்த் தையல் மட்டும்தான் இருக்கிறதா? அப்போதும் தைக்கலாம். தையல் நீளத்தை 3க்கு வைத்து, நூல் இறுக்கத்தை ஒரு படி குறைத்து, தைக்கும்போது முன்னும் பின்னும் துணியைப் பிடித்து இம்மியளவு இழுத்துக்கொண்டே தைக்க வேண்டும். துணியை இழுக்காதே என்றுதான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன், இதுவும் பட்டி வைத்துத் தைப்பதும் மட்டும் விதிவிலக்கு. கழுத்தையும் கொஞ்சம் பெரியதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருந்தால் குறையுங்கள். பல வீட்டு மெஷின்களில் தலைப்பகுதியின் மேலேயோ இடது பக்கத்திலேயோ இருக்கும், வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் தூசி பிடித்திருக்கும். இல்லாவிட்டால் துணிக்கும் ஃபுட்டுக்கும் நடுவே மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம்.

அப்புறம் ஒரு சோதனை. துண்டுத் துணியில் குறுக்குவாட்டில் 10 செ.மீ. சாக்பீஸால் குறித்து, இரண்டு அடுக்காக வைத்துத் தையுங்கள். தைத்தபின் அளந்தால் 10 இருக்க வேண்டும். 11 இருந்தால் ஒன்று ஃபுட் அழுத்துகிறது, இல்லை உங்கள் கை இழுக்கிறது. அடுத்து, தையலை நன்றாக இழுத்துப் பாருங்கள், நூல் அறுந்தால் ஜிக்ஜாக்கை இன்னும் கொஞ்சம் அகலமாக்குங்கள். இந்த இரண்டும் சரியாகும் வரை நல்ல துணியைத் தொட வேண்டாம்.

காகிதத்தில் வரைதல்

உங்களிடம் ஏற்கெனவே பிடித்த தொளதொள டிஷர்ட் இருந்தால் அதைக் காகிதத்தின்மேல் விரித்து ஓரத்தைச் சுற்றி வரைந்துகொள்வது ஒரு வழி. ஆனால் கழுத்தை மட்டும் கீழே உள்ள கணக்குப்படி போடுங்கள், போட்டுப் போட்டு நீண்டுபோன கழுத்தை நகலெடுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

நான் மார்புச் சுற்றளவு 92 செ.மீ. என்று வைத்துச் சொல்கிறேன், உங்கள் அளவை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தளர்வுக்கு 20 சேர்த்தால் 112. அதில் கால் பங்கு 28. இன்னும் பெரியதாக, ஆளை விழுங்குகிற மாதிரி வேண்டுமென்றால் 20க்குப் பதில் 30 சேருங்கள்.

பெரிய காகிதத்தை நெடுக்காக மடித்து, மடிப்பு ஓரத்தை நடு உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குறுக்குக் கோடு. நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, இது கழுத்து முனை. நடுவிலிருந்து 28 தள்ளி, மேல்கோட்டிலிருந்து 4 செ.மீ. இறக்கி இன்னொரு புள்ளி, இது தோள் முனை. இரண்டையும் நேர்கோட்டால் சேர்த்தால் தோள் தையல் வந்துவிட்டது, அதன் நீளம் 18 செ.மீ. சொச்சம் இருக்கும். தோள் முனையிலிருந்து நேராகக் கீழே 23 செ.மீ. அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை கை சேரும் இடம். கைக்குழி வளைவெல்லாம் கிடையாது, தோள் இறங்கிய சட்டையின் சௌகரியமே அதுதான். கழுத்து முனையிலிருந்து கீழ்மடிப்பு வரை 64 செ.மீ.

பின்கழுத்து நடுவில் 2.5 செ.மீ. இறக்கம். முன்கழுத்து 10 செ.மீ. இறக்கம். முன், பின் இரண்டுக்கும் இது ஒன்றுதான் வித்தியாசம்.

நான் சொன்னதெல்லாம் தையல் விழும் கோடு. வெட்டும் கோட்டுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ., கீழ்மடிப்புக்கு 3 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் சேர்ப்பது என்றால் துளை சின்னதாக ஆக வேண்டும், பெரியதாக அல்ல; அவசரத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் உண்டு.

கைக்கு, கழுத்து முனையில் டேப்பை வைத்து, முழங்கையை லேசாக மடக்கி, தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்துகொள்ளுங்கள். 74 என்று வைப்போம். அதில் தோள் தையல் 18, மணிக்கட்டுப் பட்டி 6 போக மீதி 50. கையின் மேல் அகலம் 46, அதாவது 23ஐப் போல இரண்டு பங்கு, கீழ் அகலம் 24. மேல்பக்கம் நேர்கோடாகவே இருக்கட்டும். அக்குளில் கொஞ்சம் துணி சேரும், அது இந்த மாதிரிச் சட்டையின் இயல்பு. இதிலும் சுற்றி 1 செ.மீ.

கழுத்துப் பட்டிக் கணக்கு

டேப்பை நிமிர்த்தி வைத்து, அதாவது அதன் விளிம்பு காகிதத்தில் படும்படி, கழுத்தின் தையல் கோட்டை முன்னும் பின்னும் அளந்து இரண்டால் பெருக்குங்கள். மேலே சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட 53 செ.மீ. வரும். பட்டி அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கழுத்தை உள்ளே இழுத்துப் பிடித்து உடம்போடு படியும். எவ்வளவு சின்னது? ரிப் துணி என்றால் 80 முதல் 85 சதவீதம். சட்டைத் துணியிலேயே பட்டி போட்டால் 85 முதல் 90. 53இல் 85 சதவீதம் 45. தையலுக்கு 2 சேர்த்து 47 செ.மீ. நீளம். முடிந்தபின் பட்டி 2 செ.மீ. அகலம் தெரிய வேண்டுமென்றால் மடிப்புக்காக 4, தையலுக்கு 2, ஆக 6 செ.மீ. அகலம்.

இனி உங்கள் தலையை அளந்து பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 58 இருக்கும். 57 என்றால் 45 செ.மீ. வளையம் 57க்கு விரிய வேண்டும், அதாவது 27 சதவீதம். உங்கள் பட்டித் துணியின் நீட்சி 30 என்றால் நுழையும், 20 என்றால் நுழையாது, நீங்கள் எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் சரி. நுழையாது என்று தெரிந்தால் இப்போதே கழுத்து முனையை 10க்குப் பதில் 11இலும், முன் இறக்கத்தை 11இலும் வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். காகிதத்தில் இருக்கும்வரை மாற்ற ஐந்து நிமிஷம்.

மணிக்கட்டுப் பட்டிக்கு 20 செ.மீ. நீளம், 14 அகலம், இரண்டு துண்டு. கை விரல்களைக் குவித்து, கணுக்கள் வழியாகச் சுற்றளவு எடுத்து நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுதல்

நீளும் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. பட்டிகளிலும் நீளவாக்கில்தான் நீட்சி இருக்க வேண்டும். கண்ணிகள் செங்குத்தாக வரி வரியாக ஓடும், உற்றுப் பார்த்தால் தெரியும். காகிதத்தின் நடுக்கோடு அந்த வரியோடு ஒத்துப்போகட்டும். துணியின் ஓரத்தை நம்பாதீர்கள், அது பல சமயம் கோணலாக இருக்கும். ஜெர்சியில் நல்ல பக்கம் எது என்று குழம்பினால், குறுக்காக வெட்டிய ஓரத்தை லேசாக இழுங்கள், அது நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும்.

துணியை மடித்து வெட்டுவது வேகம்தான், ஆனால் அடியில் இருக்கும் அடுக்கு நகர்ந்தால் தெரியாது. முதல் முறை காகிதத்தை விரித்து முழு வடிவமாக வைத்து, ஒற்றை அடுக்கில் வெட்டுங்கள். குண்டூசி குத்தினால் துணி மேடு பள்ளமாகும், அதைவிட ஏதாவது கனமான சாமான்களைக் காகிதத்தின்மேல் வைத்துக்கொள்ளலாம். மீதித் துணி மேசையிலிருந்து தொங்கக்கூடாது. அந்த எடை வெட்டும் பகுதியை இழுக்கும், வெட்டி எடுத்தபின் துண்டு சுருங்கி அளவு குறையும். தொங்குவதை ஒரு நாற்காலியில் சுருட்டி வையுங்கள். முன், பின் துண்டுகள் பக்கம் பக்கமாக, அவற்றுக்குக் கீழே இரண்டு கைகள், மீந்த பக்கவாட்டு இடத்தில் பட்டிகள், இப்படி அடுக்கினால் ஒன்றரை மீட்டரில் எல்லாம் அடங்கும்.

முன்கழுத்து நடு, பின்கழுத்து நடு, கையின் மேல்பக்க நடு, உடம்பில் கை முடியும் இடம், இவற்றைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

தோள்

இரண்டு கைகளின் எடையும் தோள் தையலில்தான் தொங்குகிறது. சும்மா தைத்துவிட்டால் ஒரு மாதத்தில் தோள் முனை முழங்கையைப் பார்த்து இறங்கிவிடும். அதனால் இந்த ஒரு தையல் மட்டும் நீளக்கூடாது. நெசவுத் துணியின் ஓரக்கரையிலிருந்து 1 செ.மீ. அகல நாடா வெட்டிக்கொள்ளுங்கள், மெல்லிய பருத்தி நாடா இருந்தால் அதுவும் சரி. அதன் நீளத்தைக் காகிதத்தில் உள்ள தோளின் அளவுக்கு வெட்டுங்கள், துணியில் அளக்க வேண்டாம், துணி அதற்குள் நீண்டிருக்கலாம். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க முன்னையும் பின்னையும் சேர்த்து வைத்து, மேலே நாடாவையும் வைத்து, மூன்றையும் ஒன்றாகத் தையுங்கள். துணி நாடாவைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தால் நாடாவுக்குள் அடக்கித் தையுங்கள். தைத்தபின் ஓரங்களைப் பின்பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள்.

தையல் ஆரம்பிக்கும் இடத்தில் மெஷின் துணியைக் கீழே விழுங்குகிறதா? ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஆரம்பித்து, ரிவர்ஸில் ஓரம் வரை வந்து, பிறகு முன்னால் போங்கள். இரண்டு நூல் முனைகளையும் முதல் நாலைந்து தையல் வரை கையில் பிடித்துக்கொள்வதும் உதவும்.

கழுத்து

பட்டியின் இரண்டு குறுக்கு முனைகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்குங்கள். உடனே தலையில் மாட்டிப் பாருங்கள். கண்ணாடியில் வேடிக்கையாகத் தெரியும், பரவாயில்லை. காதைப் பிய்க்காமல் இறங்கினால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

வளையத்தை நெடுக்காக இரண்டாக மடித்து, நல்ல பக்கம் வெளியே தெரிய, இஸ்திரி போட்டு நான்கு சமபாகமாகக் குறியுங்கள். கழுத்தையும் நான்காகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் பலரும் தோள் தையலைக் கால் புள்ளி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். முன்கழுத்து பின்கழுத்தைவிட நீளம், அதனால் கால் புள்ளி தோளில் விழாது. முன் நடுவையும் பின் நடுவையும் ஒன்றாகப் பிடித்து, கழுத்தை விரித்தால் இரண்டு பக்கமும் மடியும் இடம்தான் கால் புள்ளி. நம் அளவில் அது தோள் தையலிலிருந்து இரண்டரை செ.மீ. முன்னால் தள்ளி வரும். தோளிலேயே பொருத்தினால் பின்கழுத்தில் பட்டி தளர்ந்து எழும்பும், முன்னால் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும், ஏன் என்றே புரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

சட்டையின் நல்ல பக்கத்தில் பட்டியை வைத்து, வெட்டிய ஓரங்கள் மூன்றும் ஒன்றாக இருக்க, நான்கு குறிகளிலும் குண்டூசி. பட்டியின் தையல் பின் நடுவில் வரட்டும். பட்டி மேலே, சட்டை கீழே இருக்கும்படி மெஷினில் வையுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே பட்டியை மட்டும் மெதுவாக இழுத்துக் கீழே இருக்கும் கழுத்து நீளத்துக்குச் சமமாக்கி, அதே நிலையில் பிடித்துக்கொண்டு தையுங்கள். சட்டையை இழுக்கவே கூடாது. பட்டியோடு சேர்ந்து அதுவும் நீண்டால் போட்ட கணக்கு அத்தனையும் வீண்.

முதல் சுற்றைப் பெரிய தையலாக, 4 மி.மீ. நீளத்தில், பிரிப்பதற்கு வசதியாகப் போடுங்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். பட்டி உடம்பை விட்டு எழும்பி நின்றால் பட்டி நீளம், பிரித்து 2 செ.மீ. குறைத்து வளையத்தை மறுபடி தையுங்கள். சட்டைத் துணி கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து நின்றால் பட்டி குட்டை. வேறு பட்டி வெட்டுங்கள், இதற்காகத்தான் சட்டை முடியும்வரை துண்டுத் துணியைத் தூக்கிப்போடக்கூடாது. லேசான சுருக்கம் மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம், ஆவி இஸ்திரி காட்டினால் பெரும்பாலும் மறையும். எனக்கு இன்றுவரை மூன்றில் ஒரு கழுத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. துணிக்குத் துணி நீட்சி மாறுவதால் கணக்கு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும், மீதியைக் கண்ணாடிதான் சொல்லும்.

சரியாக இருந்தால் ஜிக்ஜாக்கில் மறுபடி ஒரு சுற்று. உள்ளே இருக்கும் ஓரங்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, சட்டையின் நல்ல பக்கத்தில் பட்டியை ஒட்டி ஒரு மேல்தையல் போட்டால் பட்டி புரளாமல் நிற்கும்.

இஸ்திரியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேய்க்கக்கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். நெசவுத் துணியில் தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்த்தால் அத்தனை நேரம் இழுக்காமல் காத்த துணியை இஸ்திரிப் பெட்டி நீட்டிவிடும். பாலியஸ்டர் ஃபிளீஸில் சூடு குறைவாக, மேலே ஒரு துணி போட்டு, பெரும்பாலும் ஆவி மட்டும். நேரடிச் சூட்டில் அது உருகி மினுமினுக்கும்.

கை, பக்கம், பட்டி

இது சுலபம். சட்டை இன்னும் பக்கம் தைக்காமல் விரிந்து கிடக்கிறது. கையின் மேல்பக்க நடுவைத் தோள் தையலில் வைத்து, இரண்டு முனைகளையும் நீங்கள் குறித்த இடத்தில் வைத்து, குண்டூசி குத்தித் தையுங்கள். இரண்டும் ஒரே நீளம், இழுக்க வேண்டியது எதுவும் இல்லை. பிறகு நல்ல பக்கம் உள்ளே வர மடித்து, அக்குளில் தையல்கள் நேர்க்கு நேர் வரும்படி ஒரு குண்டூசி போட்டு, மணிக்கட்டில் ஆரம்பித்து அக்குள் வழியாகக் கீழ்மடிப்பு வரை ஒரே ஓட்டமாகத் தைத்துவிடுங்கள். அக்குளில் மட்டும் முன்னும் பின்னும் 3 செ.மீ.க்கு இன்னொரு தையல், அங்கேதான் இழுவை அதிகம்.

மணிக்கட்டுப் பட்டி கழுத்துப் பட்டியின் தம்பி. வளையம், மடிப்பு, நான்கு குறி, பட்டியை மட்டும் இழுத்துத் தையல். சின்ன வட்டம் என்பதால் மெஷினின் கைப்பகுதியில் மாட்டி, நிறுத்தி நிறுத்தித் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீழ்மடிப்பு

விஸ்கோஸ் மாதிரித் தொங்கும் துணி என்றால் சட்டையை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, கீழே கோணலாக இறங்கியிருப்பதை நேர் செய்துவிட்டு மடியுங்கள். இன்டர்லாக்குக்கு இது தேவையில்லை. 3 செ.மீ. உள்பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். ஒரு மடிப்பு போதும், பிசிறுதான் பிரியாதே.

கடையில் வாங்கிய சட்டை போல இரட்டைக் கோடு வேண்டுமென்றால் இரட்டை ஊசி போடலாம். 4 மி.மீ. இடைவெளி உள்ளது, ஸ்ட்ரெட்ச் வகை. ஜிக்ஜாக் போடுகிற வீட்டு மெஷின் என்றால் பெரும்பாலும் இது பொருந்தும். மேலே இரண்டு நூல், கீழே ஒரே பாபின். கீழே நூல் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஜிக்ஜாக்காக ஓடுவதால் தையல் ஓரளவு நீளும். நல்ல பக்கத்திலிருந்து தைக்க வேண்டும் என்பதால் மடிப்பை முன்கூட்டியே பெரிய தையலால் பிடித்துவைத்துக்கொண்டால் ஓரம் தப்பாது. இரண்டு கோட்டுக்கு நடுவே துணி குழாய் போல மேடாக எழும்பினால் நூல் இறுக்கத்தைக் குறையுங்கள். ஜிக்ஜாக் இல்லாமல் நேர்த் தையல் மட்டும் உள்ள மெஷினில் இரட்டை ஊசி போடாதீர்கள், தட்டின் துளை சின்னதாக இருந்தால் ஊசி மோதி உடையும். அதற்குக் கைத்தையல் மேல்: நூலை இழுத்து இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல, தளர்வாகப் போட்டுக்கொண்டு போனால் கீழ்மடிப்பு எவ்வளவு நீண்டாலும் அறாது.

ஏதாவது தப்பாகப் போனால்

தையல் விட்டு விட்டு விழுந்தால் வேறு எதையும் நோண்டாமல் முதலில் ஊசியை மாற்றுங்கள். புது ஊசியிலும் விட்டால் அளவை ஒன்று கூட்டுங்கள். ஓரம் அலையடித்தால் பிரிப்பதற்குமுன் ஆவியைக் காட்டி, கையால் ஒதுக்கிக் கொடுத்து, முழுவதும் ஆறும்வரை அசைக்காமல் வையுங்கள், பாதிக்குமேல் படிந்துவிடும். அப்படியும் போகாவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கும்போது நூலை இழுக்காமல் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள், கண்ணி அறுந்தால் அந்த ஓட்டையை மறைக்க முடியாது. தையல் பக்கத்தில் ஏற்கெனவே சின்ன ஓட்டைகள் தெரிகிறதென்றால் ஊசி முனை மழுங்கிவிட்டது, அல்லது பால்பாயின்ட் என்று நினைத்து வேறு ஊசி மாட்டியிருக்கிறீர்கள்.

சட்டை தயாரானதும் துவைத்து விரித்துப் போட்டுக் காயவையுங்கள். அலமாரியில் ஹேங்கரில் மாட்ட வேண்டாம், நாடா வைத்துத் தைத்திருந்தாலும் தோள் இறங்கும் இடத்தில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். மடித்து வையுங்கள்.